கல்லில் நின்றவள் கையை இறக்கினால்: மாய யதார்த்தம், ஓர் எளிய அறிமுகம்

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "பேய் வந்தா திகில் கதை. சாமி வந்தா பக்திக் கதை. ரெண்டும் வந்து ஒண்ணும் புரியலைன்னா அதுதான் மாய யதார்த்தமா சார்?"

தருமபுரியில் ஒரு தையல் கடை மாடியில், வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே கூடுகிற பதினைந்து பேர் நாங்கள். எல்லாரும் சிரித்தோம். பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, பத்து வருடமாக நானே அந்தச் சொல்லை ஏனோதானோவென்றுதான் புழங்கி வந்திருக்கிறேன் என்று.

புத்தகங்களின் பின்னட்டையைப் பாருங்கள். பெண்ணின் சக்தி, தொன்மம், வரலாறு மூன்றையும் பிணைக்கும் மாய யதார்த்த நாவல் என்கிற மாதிரி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். எள்ளுருண்டை போல எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும், யாரும் உதிர்த்துப் பார்ப்பதில்லை. அன்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே உதிர்த்துப் பார்க்கிறேன்.

## அம்மா வந்திருக்கிறாள்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சின்னம்மை கண்டால், "அந்த வீட்டுக்கு அம்மா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்ப்பார்கள்.

என் தங்கைக்கு அம்மை போட்டபோது ஆயா, அதாவது எங்கள் பாட்டி, அவள் தலைமாட்டில் ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்தாள். அதற்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டை. வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பாள். கொடுக்கும்போது வேப்பிலைப் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காத ஆத்தா, பச்சப்புள்ள" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வாள். கிருமியா அம்மனா என்று நான் கேட்டேன். "ரெண்டுந்தான். போய் எளநி வாங்கியா" என்று சில்லறையை எண்ணிக் கையில் வைத்தாள்.

வேப்பிலையும் மாத்திரையும் ஒரே தலைமாட்டில் இருந்தன. ஒன்றை ஒன்று பொய்யாக்கவில்லை. ஆயா அதற்காக வியக்கவுமில்லை, விளக்கவுமில்லை. அவள் கவலையெல்லாம் இளநீர் விலையில் இருந்தது.

இனி இலக்கணம் சொல்லலாம். ரேஷன் கார்டும் பேருந்துக் கட்டணமும் இருக்கிற நம் அன்றாட உலகத்துக்குள் நடக்கவே முடியாத ஒன்று நடக்கிறது. அதைச் சொல்கிற குரல் அதையும் இளநீர் விலை போலவே சொல்லிக்கொண்டு போகிறது. இந்த எழுத்து முறைக்குத்தான் மாய யதார்த்தம் என்று பெயர். 'மாயம்' என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொள்வதால்தான் குழப்பம். 'யதார்த்தம்' என்கிற பாதிதான் கனமானது. ஆயா வீட்டில் மாத்திரை அட்டை இல்லாவிட்டால் அது வெறும் பக்தி. வேப்பிலை இல்லாவிட்டால் வெறும் மருத்துவக் குறிப்பு.

## சொல் வந்த வழி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1925இல் ஃபிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியக் கலை விமர்சகர் அக்காலத்து ஓவியங்களைப் பற்றி எழுதியபோது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சாதாரணப் பொருளை உற்றுப் பார்த்து வரைந்தால் அதுவே விசித்திரமாகத் தெரியும் என்பது அவர் கருத்து. பேய், தேவதை எதுவும் அதில் கிடையாது. பிறகு சொல் கடல் தாண்டி லத்தீன் அமெரிக்காவுக்குப் போனது. கியூபாவின் அலெஹோ கார்பெந்தியர் 1949இல் தன் நாவலின் முன்னுரையில், எங்கள் மண்ணில் அற்புதம் என்பது அன்றாடத்தின் பகுதி, அதைப் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை என்று வாதிட்டார். 1967இல் கொலம்பியாவின் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் எழுதிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' வந்து உலகம் முழுக்கப் பேச்சானது. 1982இல் அவருக்கு நோபல் பரிசு. அதே ஆண்டில்தான் சிலி நாட்டின் இசபெல் அயெந்தே, ஒரு குடும்பத்தின் பெண்களை நடுவில் வைத்துத் தன் முதல் நாவலை வெளியிட்டார்.

மார்க்கேஸ் தன் குரலை எங்கே பிடித்தேன் என்று சொல்லியிருப்பது நமக்கு முக்கியம். அவருடைய பாட்டி எந்த நம்பமுடியாத கதையையும் முகம் மாறாமல் சொல்வாராம். அந்த முகத்தை எழுத்தில் கொண்டுவரத்தான் தனக்கு வருடக்கணக்கானது என்றார். அதைப் படித்தபோது, இதைக் கேட்க நான் கொலம்பியா வரை போயிருக்க வேண்டாமே, எங்கள் ஆயாவே இருந்தாளே என்று நினைத்துக்கொண்டேன்.

## ஒரே கல், மூன்று கதை

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை கவரும் சண்டையிலோ மீட்கும் சண்டையிலோ இறந்த வீரனுக்கு எடுத்த கல் நடுகல். பல ஊர்களில் அதையே வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். பழைய கற்கள் சிலவற்றில் வட்டெழுத்தில், இந்த அரசனின் இத்தனையாவது ஆண்டில் மாட்டு மந்தைக்காகச் சண்டையிட்டு இன்னார் பட்டான் என்று பொறித்திருக்கும். 'பட்டான்' என்றால் இறந்தான். பிற்காலத்துக் கற்களில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்பாள். கணவனோடு தீயில் இறங்கியவள். அந்த வகைக்குச் சதிக்கல் என்று பெயர். ஒரு கையை மேலே உயர்த்தியிருப்பாள். சில கற்களில் இன்னொரு கையில் சிறு குடம் இருக்கும். கேழ்வரகு வயலின் வரப்போரம் இப்படி ஒரு கல் சாய்ந்து நிற்பதையும், களையெடுக்கிறவர்கள் அதன் நிழலில் தூக்குப்போசியை வைத்திருப்பதையும் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணை வைத்து மூன்று விதமாக ஒரு கதை சொல்கிறேன்.

முதல் விதம். கல் பிளக்கிறது. கண்ணில் தீப்பொறியோடு அவள் வெளியே வருகிறாள். அவளுக்கு ஏழு சக்திகள். ஊரை ஆட்டிப்படைக்கும் கெட்டவர்களை ஒவ்வொருவராக அழிக்கிறாள். இது மிகுபுனைவு. தனக்கென்று தனி விதிகள் உள்ள உலகத்தைக் கட்டி, அதற்குள் கதை நடத்துவது. நன்றாக எழுதினால் படிக்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த உலகத்தில் தாலுகா ஆபீஸ் கிடையாது.

இரண்டாவது விதம். நள்ளிரவில் காவலுக்குப் படுத்திருந்தவன் காதில் வளையல் சத்தம் கேட்கிறது. டார்ச் அடிக்கிறான். கல்லில் வீரன் மட்டும் இருக்கிறான். அவள் இருந்த இடம் வெறுமை. இது திகில் கதை. அன்றாடத்துக்குள் மாயம் நுழைந்ததும் அன்றாடம் நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் கதை.

மூன்றாவது விதத்தைக் கொஞ்சம் எழுதியே காட்டுகிறேன்.

ஆடி இரண்டாம் செவ்வாய் காலையில் களையெடுக்க வந்தவர்கள் பார்த்தபோது கல்லில் இருந்தவள் கையை இறக்கியிருந்தாள். "எத்தனை காலத்துக்குத்தான் தூக்கிட்டே நிப்பா, கடுக்காதா" என்று சொல்லிவிட்டு மூத்தவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். மதியம் சோறு உண்ணும்போது ஒருத்தி, பதினெட்டு வருடமாகத் தன் பெயரில் இருப்பதாக வீட்டில் சொல்லிவரும் பட்டாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். சாயங்காலத்துக்குள் ஊரில் ஒன்பது வீடுகளில் பெண்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். 'வலது கை உயர்த்திய நிலை' என்று இருந்தது. ஆகவே கை உயர்ந்தே இருக்கிறது என்று எழுதி, நின்றிருந்த ஆண்கள் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. கை ஏன் இறங்கியது என்று யாரும் விளக்கவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. நடக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான் நடந்தது. மற்றதெல்லாம் வெற்றிலை, பட்டா, மோட்டார் சைக்கிள். உண்மையிலேயே நம்ப முடியாத காரியத்தைச் செய்தது கல்லா, கையெழுத்து வாங்கிப் போனவரா என்று படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். வந்தால் கதை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மார்க்கேஸின் நாவலில் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் பறந்துபோகிறாள். அந்த வீட்டு மருமகளுக்கு அதில் பெரிய மனக்குறை: விரிப்புகளும் போய்விட்டன. அவற்றைத் திருப்பித் தரும்படி கடவுளிடம் வேண்டிக்கொள்கிறாள். பறந்துபோனதை நம்மை நம்பவைப்பது அந்த விரிப்புகள்தான்.

சுருங்கச் சொன்னால், மிகுபுனைவு உலகத்தையே மாற்றுகிறது. திகில் கதை உலகத்தை நடுங்க வைக்கிறது. மாய யதார்த்தம் உலகத்தை இருந்தபடியே வைத்துக்கொண்டு ஒரு பொருளை மட்டும் நகர்த்துகிறது.

## அப்படியானால் கண்ணகி?

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு. "மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள் இருக்க, கொலம்பியாவுக்கு எதுக்குப் போகணும்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆனாலும் சிலப்பதிகாரத்தை மாய யதார்த்தம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு சமூகம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் பெருங்கதை தொன்மம். அந்தக் கதைக்குள் தெய்வம் வருவது விதிமீறல் ஆகாது. விதியே அதுதான். கண்ணகி முன் தீக்கடவுள் பார்ப்பனர் உருவில் வந்து, யாரை விட்டு யாரை எரிக்க என்று கேட்பது அந்த உலகத்தின் நீதிமுறை. மாய யதார்த்த நாவலோ தெய்வம் வர வாய்ப்பே இல்லாத இடத்தில் தொடங்குகிறது. தொன்மத்தை எடுத்து அங்கே போட்டுப் பார்க்கிறது. கண்ணகி இன்று ஒற்றைச் சிலம்போடு அடகுக்கடைக்குப் போனால் என்ன ஆகும்? "ஜோடி இல்லையாம்மா?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார்.

இரண்டுக்கும் நடுவில் எங்கள் பக்கத்துக் கூத்து நிற்கிறது. பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் ஊர்வெளியில் நெடுக மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். அங்கிருந்து எடுத்த குருதியைப் பூசி, அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி முடிவாள். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அழுவார்கள். வேஷம் கட்டுகிறவர் வழக்கமாக ஆண்தான். எல்லாம் முடிந்து டீக்கடையில் அரிதாரத்தோடு அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். அந்தப் பக்கம் வந்த ஒரு கிழவி பீடியையும் பார்த்தாள், முடிந்த கூந்தலையும் பார்த்தாள். பீடியை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். சடங்குக்கு அந்தக் கிழவியின் நம்பிக்கை போதும். நாவலாசிரியருக்கோ கும்பிடும் கை, பீடி இரண்டும் வேண்டும்.

## வரலாறு ஏன் வருகிறது

இதுதான் பலரும் விட்டுவிடுகிற பகுதி. மாயம் வெறும் அழகுக்காக என்றால் வரலாறு தேவையில்லை. ஆனால் இந்த வகையின் பெரிய நாவல்கள் எதை எடுத்தாலும் அடியில் ஒரு ரத்தக்கறை இருக்கிறது.

1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியேனகா நகரில் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு. மார்க்கேஸ் இதைத் தன் நாவலுக்குள் கொண்டுவந்தார். அதில் மூவாயிரம் பிணங்கள் ரயிலில் ஏற்றப்படுகின்றன. தப்பி வந்தவன் ஊருக்குள் சொல்கிறான். இங்கே யாரும் சாகவில்லையே என்கிறது ஊர். தொழிலாளர்கள் திருப்தியோடு வீடு திரும்பினார்கள் என்கிறது அரசு. பிறகு மழை பிடிக்கிறது. நான்கு ஆண்டு, பதினொரு மாதம், இரண்டு நாள் விடாமல் பெய்கிறது. அந்த மழையை வெறும் அதிசயமாகப் படித்தால் பாதி நாவல் கைநழுவிவிடும். ஊர் மறந்ததை வானம் மறக்காமல் கொட்டிக்கொண்டிருக்கிறது.

கார்பெந்தியரின் நாவலிலும் இதே இயக்கம்தான். மக்காந்தால் என்ற கிளர்ச்சிக்காரரை 1758இல் இன்றைய ஹைத்தியில் உயிரோடு எரித்தார்கள். அது வரலாறு. நாவலில் வெள்ளைக்காரர்கள் அவர் எரிந்ததைப் பார்க்கிறார்கள். அடிமைகளோ அவர் நெருப்பிலிருந்து பறந்ததைப் பார்த்து, சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். யார் பார்த்தது உண்மை? ஆவணம் எழுதுகிற உரிமை ஒரு தரப்பிடம் மட்டும் இருந்தபோது மறுதரப்பு தன் உண்மையை வைத்துக்கொண்ட இடம் அது.

இப்போது சதிக்கல்லுக்குத் திரும்புங்கள். அந்தக் காலையில் அவள் தானாக நடந்தாளா, நடத்தப்பட்டாளா? கல் சொல்லாது. பதிவேடும் சொல்லாது. அந்த மௌனத்துக்குள் நுழைய நாவலுக்கு ஒரு வழி வேண்டும். கையை இறக்குவது அந்த வழி.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சாவி சேராது. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அதிகாரத் தரப்பு முதலில் சொன்னது. அந்தப் பெண்கள் விடவில்லை. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருடம் படியேறித் தங்கள் வாயால் சொல்லிச் சொல்லி அவர்களே வரலாற்றை எழுதிவிட்டார்கள். இதை நாவலாக்குகிற ஒருவர் அங்கே ஒரு பறக்கும் பெண்ணைச் சேர்த்தால் எனக்குக் கோபம் வரும். வாய் பொத்தப்பட்ட இடத்தில் மாயம் பேச்சாகும். பேசியே ஜெயித்தவர்கள் முன்னால் அது குறுக்கீடு.

ஒரு நாவலை எடைபோட நான் வைத்திருக்கும் உரைகல்லும் இதை ஒட்டியதுதான். மாயமான நிகழ்ச்சியை மட்டும் உருவிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ஏதாவது ஓர் உண்மை கூடவே காணாமல் போகிறதா? போனால் அது மாய யதார்த்தம். ஒன்றும் குறையவில்லை என்றால் வெறும் ஜிகினா.

## இரவல் சக்தி

கடைசியாக, எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற சொல்: 'பெண் சக்தி'.

மாசியில் காவேரிப்பட்டணத்து மயானக்கொள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிற கூட்டத்தில் பெண்களுக்கு அருள் வரும். எங்கள் உறவில் ஓர் அக்காவுக்கு வந்தது. அன்றாடம் மாமியார் முன் உட்காரக்கூட மாட்டாள். அன்று தலைவிரி கோலமாக, கையில் வேப்பிலையோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாமியார் ஓடிவந்து காலில் விழுந்தார். "எனக்கு என்னடா செஞ்சீங்க?" என்று கேட்டாள். ஊரே கைகட்டி நின்றது. "சொல்லு தாயே" என்றது. மறுநாள் காலை அதே வாசலில் அவள் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறிவிட்டது என்று உள்ளேயிருந்து அதே மாமியார் குரல் கேட்டது.

அம்மனாக இருந்தால் கேட்பார்கள், மருமகளாக இருந்தால் கேட்க மாட்டார்கள். அந்தச் சக்தி இரவல். விடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெண்ணைத் தெய்வமாக்கி மேலே ஏற்றுகிற நாவல் இந்த இரவலைக் கொண்டாடிவிட்டு முடிந்துவிடுகிறது. நல்ல நாவலோ மறுநாள் காலைக்கு வருகிறது. அருள் இறங்காமலே போய்விட்டால்? சாணி தெளிக்கும்போதும் அவள் அதே குரலில் பேசினால், காப்பியை யார் சூடு பண்ணுவார்கள்?

டோனி மாரிசன் 1987இல் எழுதிய 'பிலவ்ட்' நாவல் இந்த மறுநாள் காலையில்தான் முழுக்க நடக்கிறது. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப்பெண் தப்பியோடிப் பிடிபடும்போது, மீண்டும் அடிமையாகக் கூடாது என்று தன் பெண்குழந்தையைக் கொன்றாள். நாவலில் செத்த மகள் வளர்ந்த பெண்ணாகத் திரும்பி வருகிறாள். வந்தவளுக்குப் பசி, தாகம், தித்திப்பின் மேல் ஆசை. தாய் எல்லாவற்றையும் ஊட்டி ஊட்டி மெலிகிறாள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. அந்தத் தொட்டிலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த மகள் யார் என்று விளக்கம் தேவைப்படவில்லை.

## எங்கிருந்து தொடங்கலாம்

முதல் வாசிப்பில் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று ஒவ்வொரு மாயத்தையும் துருவ வேண்டாம். பறந்தாளா, பறந்தாள். போகட்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள், எதன் விலையைப் பற்றிப் பேசினார்கள் என்று பாருங்கள். பெரிய நாவல் மிரட்டினால் உங்கள் வீட்டு ஆயாவிடம் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் குரலை உயர்த்தவில்லை என்று கவனியுங்கள்.

இதையெல்லாம் எங்கள் வட்டத்தில் சொல்லி முடித்தபோது, கேள்வி கேட்ட மாணவி எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, அதுவரை வாயே திறக்காதவர், "எங்க கொல்லையிலயும் ஒரு கல்லு இருக்கு சார்" என்றார். "முக்காவாசி மண்ணுக்குள்ள போயிடுச்சு. பொம்பள கை மட்டும் வெளிய தெரியும்."

"எவ்வளவு தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப மணிக்கட்டு வரைக்கும். இப்ப முழங்கை தெரியுது" என்றவர், பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.